நயாகரா போவதாகச் சொல்லி

1

நேற்றுக் காலை லிப்டுக்குள் மலரக்கா சொன்னார். "இந்த லோங் வீக்கெண்ட் நாங்கள் நயாகராப் பக்கம் போறம், சுகந்தி."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே எரிந்து அணையும் இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொறன்ரோவில், மல்வேர்னில் உள்ள இந்தக் கட்டடத்துக்கு அவர்கள் எங்களுக்கு முன்பே வந்தவர்கள். லிப்ட் இலக்கங்களில் அவருக்கு இனிப் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை.

"நல்லது அக்கா, போட்டு வாங்கோ" என்றேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். நயாகரா என்பது ரொறன்ரோவிலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய நீர்வீழ்ச்சி. ஒரு கரை கனடா, மறு கரை அமெரிக்கா, நடுவே ஒரு பாலம். லண்டனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யார் வந்து இறங்கினாலும், பயணக் களைப்பு ஆறுமுன் அங்கே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது எங்கள் சனத்தின் கடமை. ஆகவே இங்கே சில வருடம் இருந்த எவருக்கும் நயாகரா அலுத்துப் போயிருக்கும். விருந்தாளி ஒருவரும் வராத நேரத்தில் மலரக்கா வீட்டார் நயாகரா போகிறார்கள் என்றால், அவர்கள் நயாகரா போகவில்லை.

இதை நான் அடித்துச் சொல்வேன். இரண்டு வருடங்களுக்கு முன் இதே பொய்யை, இதே லிப்டில், அவருக்கு நான் சொன்னேன்.

2

என் கணவர் சபேசன் அப்போது பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் கொன்ட்ராக்டில் வேலை செய்துகொண்டிருந்தார். கொன்ட்ராக்ட் முடிகிற காலம் வந்தால் எங்கள் வீட்டில் கறிக்கு உறைப்புக் கூடிவிடும். தூள் போடுகிறவள் நான். அந்த முறை புதுப்பிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரத்தில் ஒரு கிளை இருந்தது. அங்கே வந்தால் நிரந்தர வேலை என்றார்கள்.

அக்ரன் பெரிய நகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. ஒரு காலத்தில் கார் ரயர் செய்து பெயர் எடுத்த இடமாம். வேலைக்குக் காரில் பதினைந்து நிமிடம். பனி இருக்கும், ஆனால் எங்கள் பனியைவிடக் கொஞ்சம் குறைவு. எல்லாம் நல்லதாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. கனேடியக் குடிமக்களுக்கு அமெரிக்கா கொடுக்கும் அந்த வேலை அனுமதியில் கணவன் வேலை செய்யலாம். கூடப் போகிற மனைவி வேலை செய்யக்கூடாது.

நான் இங்கே பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறேன். மஞ்சள் பஸ். ஊரில் சைக்கிளை நிறுத்தக் கால் எட்டாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் நான். எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் மலரக்காவின் கணவர் சிவம் அண்ணை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கடைத்தொகுதியின் வெறும் பார்க்கிங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்தபடி பழக்கினார். அந்த நேரங்களில் என் மகள் துஷாவைப் பார்த்துக்கொண்டவர் மலரக்கா. மூன்றாவது ஓட்டுநர் சோதனையில் சித்தியடைந்து, பிறகு பஸ் லைசென்சும் எடுத்தேன். ஒவ்வொரு காலையும் அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது எனக்கு இன்னமும் ஒரு நிமிர்வு வரும். அக்ரனுக்குப் போனால் அது இல்லை. வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

என் கணவர் ஊர்ச் சனத்தின் அபிப்பிராயத்தை அறிய விரும்பினார்; ஆனால் விஷயத்தைச் சொல்ல விரும்பவில்லை. ஒரு சனிக்கிழமை சிவம் அண்ணை வீட்டில் ரீ குடிக்கும்போது மெல்லத் தொடங்கினார்.

"என்ரை சிநேகிதன் ஒருத்தன் அமெரிக்காவிலை அக்ரன் எண்ட இடத்துக்குப் போகலாமோ எண்டு யோசிக்கிறான்."

"ஆர், உம்மோடை வேலை செய்யிறவரோ?" என்று கேட்டார் சிவம் அண்ணை.

"ஓம், என்னோடைதான்."

"கலியாணம் முடிச்சவரோ?"

"ஓம்."

"பிள்ளையள்?"

"ஒரு பெட்டை."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டேன்.

அதன்பிறகு அந்தச் சிநேகிதனின் தலைவிதியை ஒரு பின்னேரம் முழுக்க இருந்து அலசினார்கள். "துவக்குச் சூட்டுக்குப் பயந்து ஓடி வந்தவன், துவக்கைக் கடையிலை வைச்சு விக்கிற நாட்டுக்குப் போறதோ?" என்றார் சிவம் அண்ணை. இவர், இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு வீடு வாங்குகிற காசுக்கு அங்கே நாலு அறையும் வளவும் வரும் என்றார். இங்கே ஹெல்த் காட்டை நீட்டினால் போதும், அங்கே காய்ச்சலுக்கும் பில் வரும் என்றார் அண்ணை. பள்ளிக்கூடம் நல்லது என்றார் இவர். கோயிலுக்கு எவ்வளவு தூரம், இடியப்பம் எங்கே வாங்குவது, தமிழ்ப் பேப்பர் கிடைக்குமா என்று அண்ணை அடுக்கினார். எந்தப் பேச்சையும் கடைசியில் சாவீட்டில் கொண்டுபோய் இறக்குவது அவர் வழக்கம். அன்றைக்கும் இறக்கினார்.

"ஒரு நாளைக்குச் செத்தால் தேவாரம் படிக்க ஒருத்தன் வேணும், தம்பி."

"செத்தவனுக்குக் கேக்காது அண்ணை."

"அவனுக்குக் கேக்காது. பெண்சாதிக்குக் கேக்கும்."

குசினியில் என்னோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்த மலரக்கா மட்டும் வேறு ஒன்று கேட்டார். "அந்தச் சிநேகிதன்ரை மனிசி என்ன சொல்லுறா?"

அத்தனை பேச்சிலும் அதை ஒருவரும் கேட்கவில்லை. "அவ இன்னும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா" என்றேன்.

3

நேரே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சனம் பயணத்தைச் சொல்லுவதில்லை. சொன்னால் நாவூறு படும், பலிக்காது என்பது பழைய நம்பிக்கை. சண்டைக் காலம் அதற்குப் புதிய காரணங்களைக் கொடுத்தது: ஊரை விட்டு வெளியேறப் பாஸ், கள்ளமாய் நாடு கடத்திவிடும் ஏஜென்ட், சோதனைச்சாவடி. முதல்நாள் மாலை படலையில் நின்று கதைத்தவர் அடுத்த கிழமை சுவிசிலிருந்து கடிதம் போடுவார். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். நானே யாழ்ப்பாணத்துக் கொக்குவிலை விட்டுக் கிளம்பியபோது, கண் டொக்டரைப் பார்க்கக் கொழும்புக்குப் போகிறேன் என்றுதான் பக்கத்து வீட்டில் சொன்னேன். அந்த மனிசி, வரும்போது தன் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கூடு வாங்கி வரச் சொன்னார். நான் போய் இறங்கியது கனடாவில். அந்தக் கூடு இன்னமும் வாங்கப்படவில்லை.

ஆகவே லோங் வீக்கெண்டில் அக்ரனைப் போய்ப் பார்ப்பது என்று முடிவானபோது, நயாகரா என்று சொல்வது என்றும் முடிவானது. இவர் அதில் ஒரு நேர்மையும் கண்டுபிடித்தார். "அந்தப் பாலத்தாலைதானே போறம். அரைவாசி உண்மை." சனிக்கிழமை இரவு அக்ரன் மனேஜர் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். ஞாயிறு ஒரு வீட்டு ஏஜென்ட் வீடுகள் காட்டுவார். திங்கள் திரும்பிவிடலாம்.

லிப்டில் நான் மலரக்காவுக்குச் சொன்னேன். மலரக்கா அண்ணைக்குச் சொன்னார். அன்று இரவே அண்ணை கதவைத் தட்டினார்.

"நயாகராவோ? அப்ப நாங்களும் வாறம். கனகாலம் எல்லாரும் ஒண்டாப் போய்."

வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் ஒரு காரணமும் இருக்கவில்லை. சனிக்கிழமை காலை எங்கள் கட்டடத்துக்கு முன்னால் இரண்டு வான் வண்டிகள் நின்றன. அண்ணையின் தம்பி குடும்பம், மலரக்காவின் ஒன்றுவிட்ட தங்கை குடும்பம், ஒரு பானை புளிச்சாதம், பாய், பந்து. அவற்றின் பின்னால் எங்கள் கார். பின் சீற்றில் துஷா உர்ரென்று இருந்தாள். அவள் தலைக்குப் பக்கத்தில், கண்ணாடியோடு, மனேஜர் வீட்டு விருந்துக்கென்று முதல்நாள் பின்னேரமே இவர் காரில் கொழுவிவிட்ட நீலக் கோட் ஹாங்கரில் ஆடிக்கொண்டு வந்தது.

4

தண்ணீருக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். பாயை விரித்துச் சாப்பிட்டோம். இவர் பாலத்தைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். வந்தவர்களில் எங்களுக்கு மட்டும்தான் அப்போது குடியுரிமை கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பாலம் ஒரு காட்சி மட்டும். அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் அவர்கள் காலடி வைக்க முடியாது. அதையே இவர் வழியாக்கினார்.

"அண்ணை, நாங்கள் அந்தக் கரையையும் ஒருக்காப் பாத்திட்டு வாறம். நீங்கள் நிண்டு மினைக்கெடாதேங்கோ. வெளிக்கிடுங்கோ."

"ஏன், நிக்கிறம். என்ன அவசரம்?"

"இல்லை அண்ணை, சுணங்கும்."

"சுணங்கட்டும்."

நாங்கள் காரில் ஏறும்போது மலரக்கா ஒரு பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பாரமாக இருந்தது. பிட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், சீனிச்சம்பல், வடை, துஷாவுக்குத் தனியாக வெண்ணெய் பூசிய பாண்.

"வழியிலை பசிச்சா" என்றார்.

"பாலம் கடக்கப் பத்து நிமிசம் அக்கா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவை அழுத்திச் சாத்தினார்.

பாலத்தின் மறுமுனையில் அமெரிக்க அதிகாரி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இவர் "அக்ரன்" என்றார். ஒரு கிழமையாகப் பொய்யைப் பாடமாக்கி வைத்திருந்த நான் அதே நேரத்தில் "நயாகரா" என்றேன். எத்தனை நாள் என்றார். இவர் இரண்டு நாள் என்றார், நான் இரண்டு மணித்தியாலம் என்றேன். பின்னாலிருந்து துஷா தன் தெளிவான ஆங்கிலத்தில் வீடு பார்க்கப் போகிறோம் என்றும், அது இரகசியம் என்றும் அறிவித்தாள்.

காரை ஓரமாக விடச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் குடியேறப் போகிறீர்களா? இல்லை. அப்படியானால் வீடு ஏன்? பார்க்க. வேலை தொடங்கிவிட்டதா? இல்லை. பையில் என்ன? பிட்டு. அதிகாரி அதைத் திறந்து மணந்து பார்த்து மூடினார். கடைசியில் இவர் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். கொன்ட்ராக்ட், மனேஜர், அயலவர்களுக்குச் சொன்ன பொய் உட்பட. அதிகாரி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். எங்கள் வாழ்க்கையில் உண்மையைச் சொல்லி ஓர் எல்லையைக் கடந்தது அதுதான் முதல் தரம்.

5

அக்ரன் எனக்குப் பிடித்தது. இதை மறைக்க மாட்டேன்.

மனேஜர் வீட்டில் மரியாதையாக நடத்தினார்கள். இலை குழைகளை ஒரு பெரிய கோப்பையில் வைத்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மீன் வைத்தார்கள். எட்டரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மோட்டலுக்கு வந்து கட்டிலில் பேப்பரை விரித்து மலரக்காவின் பிட்டை மூன்று பேரும் அள்ளிச் சாப்பிட்டோம். காலையிலும் அதுதான். நல்லவேளை இந்த மனிசிக்கு அளவு தெரியாது என்று நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அண்ணை வீட்டுக்கு ஒரு கோல் எடுப்போம் என்று கேட்டேன். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "அவையிட்டைக் கோல் டிஸ்பிளே இருக்கு. அமெரிக்க நம்பர் விழும்." எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் ரிசீவரை வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை பார்த்த வீடுகளில் ஒன்று ஒரு வளைவான தெருவின் முடிவில் இருந்தது. முன்னால் பெரிய மேப்பிள் மரம். குசினி யன்னலால் பின்வளவு முழுக்கத் தெரிந்தது. அதில் ஒரு கறிமிளகாய்ப் பாத்தியும் இரண்டு தக்காளியும் என் மனதில் அந்த இடத்திலேயே முளைத்துவிட்டன. துஷா மேலே ஓடினாள். போய்ப் பார்த்தால், ஒரு வெறும் அறையின் நடுவில் நிலத்தில் கைகால்களை விரித்துப் படுத்திருந்தாள். மல்வேர்னில் அவளுக்கு அறை இல்லை. புத்தக அலுமாரியால் மறித்த ஹோல் மூலைதான் அவளுடைய இடம்.

"அம்மா, லிசின்" என்றாள். "இற்ஸ் சோ குவையற்."

கேட்டேன். உண்மையாகவே ஒரு சத்தமும் இல்லை.

இனி, ஒரு புது ஊருக்குப் போனால் எங்கள் ஆட்கள் செய்கிற ஒரு வேலையை நானும் செய்தேன். மோட்டல் மேசை லாச்சியிலிருந்த ரெலிபோன் புத்தகத்தை எடுத்து, நீளமான பெயர்களைத் தேடினேன். நாதன், சாமி, மூர்த்தி என்று முடிகிறதா என்று விரலை ஓட்டி, ஒரு சுப்பிரமணியத்தைப் பிடித்தேன். கோலை எடுத்தது அவருடைய மனைவி லலிதா, தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கம்.

"தமிழா? இலங்கைத் தமிழா? எங்க இருக்கீங்க? அங்கயே இருங்க, நான் வழி சொல்றேன், எழுதிக்குங்க."

அவருடைய கணவர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அன்று வெளியூர் போயிருந்தார். லலிதா எங்களுக்கு வெங்காய சாம்பாரும் அப்பளமும் போட்டார். அக்ரன் எப்படி என்று இவர் கேட்டதும் முகம் மலர்ந்து சொல்லிக்கொண்டே போனார். அருமையான ஊர். பள்ளிக்கூடம் நல்லது, ஆஸ்பத்திரி நல்லது, கதவைப் பூட்டாமல் கடைக்குப் போய் வரலாம். கோயிலுக்கு முக்கால் மணி நேரம். பிள்ளைகள் இருவரும் படித்து வெளியே போய்விட்டார்கள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க தங்கமானவங்க. யார் விஷயத்துலயும் தலையிட மாட்டாங்க. போன குளிருக்கு எங்கம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்குப் போய், எல்லாம் முடிஞ்சு, ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தேன். அந்தம்மா வாசல்ல நின்னு கைய ஆட்டி, இந்த வாரம் பனி ஜாஸ்தி இல்லைன்னாங்க. நான் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது." சிரித்தார். "ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிம்மதி."

பெருமையாகத்தான் சொன்னார். பிறகு கேட்காமலேயே மறுபடி காப்பி போட எழுந்தார். நாங்கள் கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். "முடிவு பண்ணினா சொல்லுங்க" என்றார். "பண்ணலேன்னாலும் சொல்லுங்க."

6

திங்கள் காலை திரும்பி வரும் வழி முழுக்கச் சண்டை. இவர் சத்தம் போடுகிறவர் அல்ல. ஆனால் கணக்குப் பிழைக்காமல் கதைப்பார்.

"நிரந்தர வேலை. பிள்ளைக்கு அறை. வேலைக்குப் பதினைஞ்சு நிமிசம். வேறை என்ன வேணும்?"

"எனக்கு என்ன வேலை அங்கை?"

"கொஞ்சக் காலம்தானே. பிறகு ஒரு வழி பிறக்கும்."

"அதுவரைக்கும் நான் ஆரோடை கதைக்கிறது? மேப்பிள் மரத்தோடையோ?"

"சனம், சனம் எண்டுறாய். சனத்துக்கு ஒளிச்செல்லோ வந்தனாங்கள்? ரெண்டு நாள் ஒரு இடத்துக்குப் போய் வாறதுக்கு இத்தினை பொய் சொல்ல வேண்டிக் கிடக்கிற இடம் நல்ல இடமோ?"

அவர் சொன்னது சரி. எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் புதுச் சோபா வாங்கினால் அதன் நிறம் அடுத்த நாள் எல்லாத் தட்டுக்கும் தெரியும். யாருடைய பிள்ளைக்கு என்ன மார்க்ஸ், யாருடைய வீட்டில் சண்டை, எல்லாம் தெரியும். அந்த மூச்சுமுட்டல் எனக்கும் உண்டு. துஷா பின்னாலிருந்து, தன்னுடைய வாக்கு அக்ரனுக்கு என்றாள். இரண்டுக்கு ஒன்று. பாலத்தைக் கடக்கும்போது நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து லிப்டை விட்டு இறங்கினால், மலரக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. எங்கே போனீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "வந்திட்டியளோ" என்றார். உள்ளே திரும்பி, "இஞ்சை, அவையள் வந்திட்டினம்" என்றார். சிவம் அண்ணை சாரத்தோடு வாசலுக்கு வந்து எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, "சரி, சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

விபரம் மலரக்காதான் சொன்னார். சனிக்கிழமை பாலத்தில் விளக்குப் போடும்வரை அண்ணை அங்கேயே நின்றாராம். மற்ற வானை அனுப்பிவிட்டு நின்றாராம். எல்லையில் பிடித்துவிட்டார்களோ, கார் எங்கேயாவது அடிபட்டதோ என்று ஒரே யோசனை. கூட்டிக்கொண்டு வந்த சனத்தை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அடம்.

"அவையள் வருவினம், வருவினம் எண்டு நான்தான் ஒருமாதிரிக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார். "ஞாயிறும் சொல்லாமல் கொள்ளாமல் தனிய ஒருக்காப் போய் நிண்டிட்டு வந்தவர்."

அந்தப் பாலத்தில் அவர் ஓரடி வைக்க முடியாது. வைக்க முடிந்த இடம்வரை போய் நின்றிருக்கிறார். இவர் பெட்டியைக் கையில் வைத்தபடியே நின்றார். பிறகு அதைக் கொரிடோரில் வைத்துவிட்டு உள்ளே போய் அண்ணைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். இரண்டு பேரும் ரீவியில் பேஸ்போல் பார்த்தார்கள். அந்த விளையாட்டு இரண்டு பேருக்கும் விளங்காது.

அடுத்த நாள் இவர் வேலையால் வந்து, அக்ரனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "அண்ணை ஞாயிறும் போனவராம்" என்று மட்டும், கையைக் கழுவியபடி, தனக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்கு விலை கொடுத்தோம். கொன்ட்ராக்ட் முடிந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க என்னுடைய பஸ்தான் வீட்டை ஓட்டியது. இப்போது அவருக்கு வேலை இருக்கிறது. சம்பளம் குறைவு, போக இரண்டு பஸ், ஒரு ரெயின். துஷா இன்னமும் அலுமாரிக்குப் பின்னால்தான் படுக்கிறாள். கோபம் வந்தால் ஆங்கிலத்தில் சொல்லுவாள், என்னுடைய அறையை விடச் சிவம் அங்கிளை அல்லவா நீங்கள் தெரிவு செய்தீர்கள் என்று. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒரு நகரம் வாழ நல்லதா இல்லையா என்று இவ்வளவு பட்ட பிறகும் எனக்குத் தெரியாது. லலிதாவுக்கு மட்டும் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கோல் எடுக்கிறேன்.

7

இன்று காலை பஸ் இல்லாத நாள். குப்பையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். பார்க்கிங்கில் சிவம் அண்ணையின் கார் துடைத்துப் பளபளவென்று நின்றது. போன வருடம் அவர்களுக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. பின் கண்ணாடியோடு ஹாங்கரில் அண்ணையின் கறுத்தக் கோட் தொங்கியது. சாவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் தவிர அவர் போடாத கோட்.

எங்கே போகிறார்களோ தெரியாது. மார்க்கத்தில் வீடு பார்க்கவோ, அமெரிக்காவில் யாரையும் காணவோ. எங்கே என்றாலும் போகத்தான் போகிறார்கள். இவர்களுக்காக நாலு அறை வீட்டை விட்டோம், பிள்ளையின் வாயால் பேச்சு வாங்குகிறோம், இவர்கள் எங்களுக்கே நயாகரா சொல்கிறார்கள். குப்பையை எறிந்துவிட்டு மேலே வந்து, குசினியில் பாத்திரங்களை அடித்து அடித்து வைத்தேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு மாவைக் குழைத்தேன். நயாகராவுக்கு ஒரு நேரச் சாப்பாடு போதும். நான் அவித்தது மூன்று நேரத்துக்கு. பிட்டு, உருளைக்கிழங்குப் பிரட்டல், சம்பல். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அண்ணை ஸ்டியரிங்கில் இருந்தார். மலரக்கா ஏறப்போனவர் நின்றார். பையை வாங்கி, அதன் பாரத்தைக் கையில் பார்த்தார்.

"நயாகராவுக்கு இவ்வளவோ?"

"வழியிலை பசிச்சா" என்றேன்.

என் வாயால் அதைச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. பாலத்தடியில், என் மடியில் அந்தப் பையை வைத்தபோது அவர் சொன்ன அதே சொல். அளவு தெரியாமல் கட்டியது அல்ல அது. நான் மலரக்காவைப் பார்த்தேன். அவர் காருக்குள் தொங்கிய கோட்டைப் பார்த்தார்.

"உம்மடை மனிசன்ரை கோட் நல்ல நீலம்" என்றார், அண்ணைக்குக் கேட்காமல். "கோட்டுக் கொண்டு ஆர் தண்ணி பாக்கப் போறது, சுகந்தி?"

"தெரிஞ்சும் நீங்கள் அண்ணைக்குச் சொல்லேல்லையே."

"உங்கடை பயணம். நான் எப்பிடிச் சொல்லுறது?"

எல்லாம் தெரிந்துகொண்டு, பாலத்தில் விளக்குப் போடும்வரை புருசனோடு சேர்ந்து நின்றிருக்கிறார். போகாதே என்று அன்றைக்கு எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிட்டுத்தான் கட்டித் தந்தார். இன்றைக்கு எனக்கும் போகாதேங்கோ என்ற அந்தச் சொல் நாக்கில் நின்றது.

"கவனமாப் போட்டு வாங்கோ அக்கா" என்றேன். "எத்தினை மணிக்கு வந்தாலும் சமைக்காதேங்கோ. எங்கடை கதவைத் தட்டுங்கோ."

கார் தெருவுக்கு ஏறித் திரும்பும்வரை பார்க்கிங்கில் நின்றேன். அது நயாகராவுக்குத் திரும்பும் பக்கம் திரும்பவில்லை.